கணிப்பொறி ஏன் நின்றது?

குமாரபாளையத்திலிருந்து பள்ளிபாளையம், திருச்செங்கோடு, வெண்ணந்தூர் வரையிலும், அப்பால் சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை, தாரமங்கலம் வரையிலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறியின் ஓசை காதில் விழும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை கேட்பதே இல்லை. அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தறி தானாகவே நின்றுவிட்டால் தறிக்காரர் பதறுவதில்லை. மோட்டாரைக் கழற்றுவதும் இல்லை. நேரே நூலைப் பார்க்கிறார். பெரும்பாலும் ஊடை நூல் அறுந்திருக்கும், அல்லது தாரில் நூல் தீர்ந்துபோயிருக்கும்.

ஊடை அறுந்ததைத் தறி எப்படி அறிகிறது? தறியின் ஓரத்தில் முள்கரண்டி போன்ற சிறு உறுப்பு ஒன்று உள்ளது. நாடா ஓடியபின் நூல் குறுக்கே கிடந்தால், அந்நூல் முள்ளைச் சற்றே தள்ளிவிடுகிறது. தறியும் தொடர்ந்து ஓடுகிறது. நூல் இல்லையென்றால் முள் தள்ளப்படுவதில்லை. அப்போது அது ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு இழுபட்டு, தறியை ஓட்டும் கைப்பிடியைத் தட்டிவிடுகிறது. தறி நின்றுவிடுகிறது. இந்தச் சிறு உறுப்பு இல்லாவிட்டால் ஊடையே இல்லாமல் தறி ஓடிக்கொண்டிருக்கும்; துணி பாழாகும். எனவே தறி நின்றது கோளாறு அன்று. கோளாறு நூலில். தறி அதனை அறிந்து நின்றது.

கணிப்பொறி திடீரென நின்றுபோவதை நாம் ‘கிராஷ்’ என்கிறோம். வாரத்துக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்கிறோம். நாளுக்கு இரண்டு முறை என்றால், ‘போச்சு, இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பல நேரங்களில் அதுவும் தறியைப் போல ஏதோ ஒன்றை அறிந்தே நிற்கிறது. எதை அறிந்து நின்றது என்று கண்டுபிடிப்பதே பழுதுபார்க்கும் கலை. நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே லட்சக்கணக்கான பிளஸ் டூ மாணவர் வீடுகளுக்கு முதன்முறையாக ஒரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதையொட்டிப் பழைய லேப்டாப்புகளை வாங்குவதும் விற்பதும் பழுதுபார்ப்பதும் சிறு ஊர்களிலும் வழக்கமாயிற்று. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் என்னிடம் படித்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டிலும் அப்படிக் கடையில் வாங்கிய பழைய மடிக் கணிப்பொறி ஒன்று இருந்தது. வீட்டின் முன்பக்கம் நான்கு தறிகள், பின்பக்கம் குடியிருப்பு. அக்காள் கல்லூரியில் இறுதி ஆண்டு. அவளுடைய ஆய்வேடு அந்தப் பொறியில்தான் தட்டச்சாகிக் கொண்டிருந்தது. தந்தையாரின் நூல் கணக்கும் கூலிக் கணக்கும் அதிலேயே.

சித்திரை பிறந்ததிலிருந்து அது நிற்கத் தொடங்கியது. கடைக்காரர் பார்த்துவிட்டு, “வைரஸா இருக்கும், பார்மட் போட்டுரலாம்” என்றாராம். போட்டார்கள். ஓராண்டுக் கூலிக் கணக்கு அதோடு போயிற்று. அக்காளின் ஆய்வேடு பென்டிரைவில் ஒரு பிரதி இருந்ததால் தப்பியது. பணமும் கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் நாளே பொறி மறுபடி நின்றது. கடைக்காரர் மறுபடியும் பார்மட் என்றார். தந்தையார் விற்றுவிடலாம் என்றார். பையன் என்னிடம் வந்து, “சார், ஒருக்கா வந்து பாருங்க சார். அக்கா அழுதுட்டே இருக்குதுங்க” என்றான்.

நான் உடனே போகவில்லை. “தம்பி, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. பத்து நாளைக்கு அதில் எழுது. பிறகு வருகிறேன்” என்றேன். அவனுக்கு என்மேல் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் எழுதினான்.

என்ன எழுதுவது? ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐந்து செய்திகள்: மணி என்ன, அப்போது பொறியில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, பொறி எங்கே வைக்கப்பட்டிருந்தது, சார்ஜர் சொருகியிருந்ததா, எப்படி நின்றது. கடைசிக் கேள்வியே முக்கியமானது. ‘நின்றுவிட்டது’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது பல வகைப்படும். திரை சட்டென இருண்டு, எந்த அறிவிப்பும் இன்றி மின்சாரமே அற்றுப்போவது ஒரு வகை. நீலத்திரை தோன்றி, ஏதோ ஒரு குறியீட்டைக் காட்டி, தானே மறுபடி தொடங்குவது இன்னொரு வகை. (விண்டோஸ் 11இல் இந்த நீலத்திரை 2025 முதல் கறுப்பாகிவிட்டது, பொருள் மாறவில்லை.) திரை அப்படியே உறைந்து, எலிச்சுட்டியும் அசையாமல் கிடப்பது வேறொன்று. தொடங்கும்போதே நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்று சுற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. காய்ச்சலில் மருத்துவர், ‘குளிர்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, மாலையில் மட்டுமா?’ என்று கேட்பதைப் போன்றது இது.

நோட்டில் எழுதும் வழக்கம் கணிப்பொறித் துறையில் பழமையானது. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘மார்க் 2’ என்ற கணிப்பொறியில் கோளாறு ஏற்பட்டது. அது மின்காந்த ரிலேக்களால் இயங்கிய பொறி. தேடிப் பார்த்தபோது ஒரு ரிலேயின் நடுவே அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. இயக்குநர்கள் அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் ரிலேயின் எண்ணையும் குறித்துவைத்தனர். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் உள்ளது. கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் பேச்சுவழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது. இங்கே உண்மைப் பூச்சியே அகப்பட்டதால்தான் அவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

பத்து நாள் கழித்து நான் போனபோது நோட்டில் பதினான்கு பதிவுகள் இருந்தன. பையனும் நானும் தறியோசைக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம். பிரித்தவுடன் ஒன்று விளங்கியது. இது ஒரு நோய் அன்று, மூன்று நோய்கள்.

ஏழு பதிவுகள் பிற்பகல் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்டவை. எல்லாமே வீடியோப் பாடம் பார்க்கும்போது நேர்ந்தவை. நிற்பதற்கு முன் உள்ளிருக்கும் விசிறி உரக்க இரைந்தது, பொறி மெதுவானது, பிறகு சட்டென இருண்டது. உடனே தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. அரை மணி நேரம் விட்டுத் தொடங்கினால் ஓடியது.

நான்கு பதிவுகளில் விசிறி இரையவே இல்லை. பொறி சுடவும் இல்லை. நொடியில் இருண்டது. உடனே தொடங்கினால் ஒழுங்காக ஓடியது. இந்த நான்கும் தறி ஓடிய நேரத்திலேயே நடந்தவை. தறிக்கு விடுமுறையான நாளில் ஒன்றுகூட இல்லை.

மீதி மூன்றும் நீலத்திரை. ஒன்று விடியற்காலை, ஒன்று இரவு, ஒன்று பகல். மூன்று முறையும் குறியீடு வெவ்வேறாக இருந்தது.

இதற்குமேல் எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்தோம். பொறி ஓடும் நிலையில் இருந்தபோதே ஆய்வேடு, புதிதாக எழுதத் தொடங்கியிருந்த கூலிக் கணக்கு, புகைப்படங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் பிரதி எடுத்தோம். தட்டின் நலத்தைக் காட்டும் நிரலை ஓட்டிப் பார்த்ததில் அதில் குறை எதுவும் தென்படவில்லை. இருந்தாலும் முதல் வேலை பிரதி எடுப்பதே. பொறியை விலை கொடுத்து வாங்கலாம். கூலிக் கணக்கை எங்கே வாங்குவது?

இனி முதல் நோயைப் பார்ப்போம். பிற்பகல், வீடியோ, விசிறி இரைச்சல், ஆறவிட்டால் ஓடுவது ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன: வெப்பம்.

மடிக் கணிப்பொறியின் மூளையான பிராசசர் வகைக்கேற்ப 15 முதல் 35 வாட் வரை வெப்பத்தை வெளிவிடுகிறது. ‘அவ்வளவுதானா, பழைய குண்டு பல்பைவிடக் குறைவாயிற்றே’ என்று எண்ணலாம். அந்தச் சில்லின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர்தான். 750 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 வாட்டுக்கும் குறைவு. பிராசசரில் அதே பரப்பில் 30 வாட்டுக்கு மேல்! இந்த வெப்பத்தை அவ்வப்போதே வெளியேற்றாவிட்டால் சில்லு சில நிமிடங்களில் கெட்டுவிடும்.

வெளியேற்றும் ஏற்பாடு அழகானது. சில்லின்மேல் ஒரு தாமிரக் குழாய் படிந்துள்ளது. உள்ளே காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு நீர் மட்டும் அடைக்கப்பட்டுள்ளது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சில்லின் சூட்டில் ஆவியான நீர் குழாயின் மறுமுனைக்குப் போய், அங்கே குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பிவருகிறது. 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குரோவர் இத்தகைய வெப்பக்குழாயைச் செய்து காட்டினார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட நுட்பம் இன்று நம் மடிமேல் உள்ளது. குழாயின் மறுமுனையில் சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள். விசிறி அவற்றின் ஊடே காற்றை ஊதி வெளியே தள்ளுகிறது.

சில்லின் வெப்பநிலையை எளிய கணக்கால் அறியலாம். மின்னோட்டத்துக்கு ஓம் விதி இருப்பதுபோல் வெப்பத்துக்கும் ஒரு தடை உண்டு. அறை வெப்பநிலையோடு, வெப்பத்தடையைத் திறனால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பொறி புதிதாயிருக்கும்போது தடை வாட்டுக்கு 1.6 டிகிரி எனக் கொள்வோம். 35 வாட்டுக்கு 56 டிகிரி உயர்வு. மார்கழி இரவில் அறை 24 டிகிரி என்றால் சில்லு 80 டிகிரி. சித்திரைப் பிற்பகலில், ஓட்டுக்கூரையின் கீழ், அறை 39 டிகிரி என்றால் சில்லு 95 டிகிரி. தடை 2 ஆக உயர்ந்துவிட்டாலோ? 70 டிகிரி உயர்வு. இரவில் 94, பிற்பகலில் 109. பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரியை ஒட்டி முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதுவும் போதாவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்கின்றன. தறியின் முள் செய்யும் வேலையே இது. அந்த வேகக் குறைவைத்தான் பையன் ‘மெதுவானது’ என்று எழுதியிருந்தான். இரவில் ஓடி, பகலில் நின்ற மர்மமும் விளங்கிவிட்டது.

தடை ஏன் உயர்ந்தது? இங்கே ஒரு விதியைக் கடைப்பிடித்தோம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பையன் பொறியை மெத்தைமேல் வைத்துப் படிப்பவன். காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மெத்தை அவற்றை மூடிவிடும். முதலில் அதை மட்டும் மாற்றினோம். மேசைமேல் இரண்டு மரச்சட்டங்களை இட்டு, அதன்மேல் பொறியை வைத்து, அதே வீடியோவை அதே பிற்பகலில் ஓட்டினோம். வெப்பநிலை காட்டும் நிரலில் 98 டிகிரி 92 ஆகக் குறைந்தது. நன்மைதான்; போதவில்லை.

மறுநாள் அடிமூடியைத் திறந்தோம். (சார்ஜரைக் கழற்றி, மின்கலத்தையும் பிரித்த பிறகே திறக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது; தீப்பிடிக்கும்.) பார்த்ததும் பையனின் அம்மா, “அட கண்ணு, தறிக்குழியில கெடக்கற பஞ்சு இதுக்குள்ளயும் வந்திருச்சா!” என்றார். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு பிசிறு கம்பளி நெய்ததுபோல் படிந்திருந்தது. விரல் நகத்தால் எடுத்தபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. தறி ஓடும் வீட்டில் காற்றெல்லாம் நூல் பிசிறு. விசிறி இரவும் பகலும் அதை உறிஞ்சி, தகடுகளின் இடுக்கில் சேர்த்திருக்கிறது. தாமிரத்தோடு ஒப்பிட்டால் பஞ்சு பல்லாயிரம் மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் குளிருக்குப் பஞ்சு மெத்தை சுகமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பொறி ஒரு ரஜாய் போர்த்திக்கொண்டு வேலை செய்திருக்கிறது.

மென்மையான பழைய பல்துலக்கியால் தூய்மை செய்தோம். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் அதன் அச்சு தேயும். விசிறி மோட்டார் டைனமோவாக மாறி எதிர்மின்சாரத்தையும் அனுப்பக்கூடும். சில்லுக்கும் தாமிரத்துக்கும் இடையில் பூசியிருந்த சாம்பல்நிறப் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. அதைத் துடைத்து, சேலத்திலிருந்து வாங்கிவந்த புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து மூடினோம். மறுநாள் பிற்பகல், அதே வீடியோ, அதே மேசை: 77 டிகிரி.

இரண்டாம் நோய்க்குப் பையனே ஒரு காரணம் சொன்னான். “தறியை ஆன் பண்ணும்போது லைட் மங்குதுங்க சார். வோல்டேஜ் கம்மியாகி ஆஃப் ஆயிருது.” நல்ல ஊகம். மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தைப் போல் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விளக்கு மங்குவது உண்மை. ஊகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளலாகாது; சோதிக்க வேண்டும். சார்ஜரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ‘100 முதல் 240 வோல்ட்’ என்று படித்தான். விளக்கு மங்கும்போது மின்னழுத்தம் 180க்கு இறங்கினாலும் சார்ஜர் கவலைப்படாது. ஊகம் விழுந்தது. நோட்டைப் பார்த்தாலும் நான்கில் ஒன்றுதான் தறி புறப்பட்ட நேரத்தில் நேர்ந்தது. மற்ற மூன்றும் தறி சீராக ஓடிக்கொண்டிருந்தபோது.

அப்படியானால் தறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சார்ஜரைக் கழற்றினோம், பொறி அந்தக் கணமே இருண்டது. மின்கலம் முற்றிலும் செத்திருந்தது. மடிக் கணிப்பொறிக்கு மின்கலம் ஒரு தொட்டி போன்றது. குழாயில் நீர் ஒரு நொடி நின்றாலும் தொட்டியில் இருப்பது ஓடும். தொட்டி வற்றிய பின் குழாய் ஒரு கணம் நின்றாலும் போதும், ஓட்டம் அறுந்துவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி ஓரிரு சுற்று அளவுக்கே தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் இணைப்பு விட்டால் முடிந்தது கதை.

இணைப்பு எங்கே விடுகிறது? எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பக்கத்துத் துளையில் ஒரு மேசை விளக்கைச் சொருகிவைத்துக் காத்திருந்தோம். தறிகள் தடதடத்தன, சுவர் அதிர்ந்தது. இருபது நிமிடம் கழித்து விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. பொறியும் அதே கணத்தில் நின்றது! பெட்டியின் பிளக் சுவர் சாக்கெட்டில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தறி நின்ற நாளில் அதிர்வில்லை; எனவே பொறியும் நிற்கவில்லை. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மாற்றினார். அந்த வேலையை மாணவர்கள் தாமே செய்ய வேண்டாம்.

இப்போது நீலத்திரை. இதுதான் கடினமானது. இங்கே மின்சாரமும் இருக்கிறது, வெப்பமும் மிகையில்லை. பொறியின் அடிப்படை நிரலான இயக்க அமைப்பு, தன் நினைவகத்தில் இருக்கவேண்டியது இல்லாமல் வேறேதோ இருப்பதைக் காண்கிறது. தொடர்ந்தால் பிழையான எண்களைத் தட்டில் எழுதி, கோப்புகளைப் பாழாக்கிவிடலாம். ஆகையால் ‘இதற்குமேல் ஓடமாட்டேன்’ என்று தானே நின்றுவிடுகிறது.

மென்பொருளே இதற்குக் காரணமாவதும் உண்டு. அண்மைக்காலத்தில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 2024 ஜூலை 19 அன்று நடந்தது. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் நிரலுக்கு ஒரு சிறிய புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. நிரல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; அதற்குக் கிடைத்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தில் கைவைத்தது. விண்டோஸ் உடனே நின்றது, மறுபடி தொடங்கியது, அதே கோப்பைப் படித்தது, மறுபடி நின்றது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் பொறிகள் இப்படிச் சுழலில் சிக்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. பொறியைப் ‘பாதுகாப்பு நிலை’யில், அதாவது இன்றியமையாத நிரல்களை மட்டும் கொண்டு தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் சரியாயிற்று. பார்மட் தேவைப்படவில்லை.

மென்பொருள் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. அது பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே குறியீட்டோடு, ஏதேனும் ஒன்றைப் புதிதாகச் சேர்த்த நாளிலிருந்து நிகழும். நம் பையனின் மூன்று நீலத்திரைகளோ வெவ்வேறு குறியீடு காட்டின. பார்மட் போட்டு எல்லா நிரலையும் புதிதாக வைத்த பிறகும் வந்தன. கடைக்காரரை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். பார்மட்டால் தீரும் நோய்கள் உண்டு. ஒரு முறை போட்டும் தீரவில்லை என்பதே, நோய் நிரலில் இல்லை என்று சொல்லும் ஒரு சோதனை முடிவு. அதை அவர் படிக்கவில்லை, அவ்வளவே.

நினைவகத்தின்மேல் ஐயம் விழுந்தது. 2 ஜிகாபைட் நினைவகத் துண்டு ஒன்றில் சுமார் 1,718 கோடி நுண் மின்தேக்கிகள் உள்ளன. மின்னூட்டம் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். ஒன்று அல்லது சுழி. இத்தனை கோடியில் ஒன்று பொய் சொன்னாலும் பொறி நிற்கலாம். 1978இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். நினைவகச் சில்லுகளை மூடியிருந்த பீங்கான் உறையில் இம்மியளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள்கள் மின்னூட்டத்தைக் கலைத்து, எண்ணை மாற்றிவிட்டன. அத்தகைய பிழை இன்று இங்கே, நாளை வேறெங்கோ என்று தோன்றும், சில்லு கெடுவதில்லை. சில்லே பழுதானால் பிழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

சோதிக்க ‘மெம்டெஸ்ட்’ என்ற நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினோம். விண்டோஸ் இல்லாமலே ஓடுவதால், விண்டோஸின் மேல் பழிபோட வழியில்லை. அது நினைவகம் முழுவதும் ஒன்றுகளையும் சுழிகளையும் வெவ்வேறு கோலங்களில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் சிவப்பு வரிகள். மூன்று சுற்றிலும் ஒரே முகவரியில்.

அப்போதுதான் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, பங்குனியில் பழைய நினைவகத் துண்டு ஒன்றை வாங்கி இரண்டாவது துளையில் சொருகியதைச் சொன்னான். பொறியோடு வந்தது ஒன்று, இவன் சேர்த்தது ஒன்று. குற்றவாளி துண்டா, துளையா? கழற்றிவிட்டால் பொறி ஓடும். ஆனால் எது குற்றவாளி என்று தெரியாது. எனவே மாற்றி மாற்றிப் பார்த்தோம். பழைய துண்டை மட்டும் முதல் துளையில் வைத்தால் பிழை இல்லை. இரண்டாம் துளையில் வைத்தாலும் பிழை இல்லை. அப்படியானால் துளைகள் இரண்டும் நல்லவை. வாங்கிய துண்டை இரண்டாம் துளையில் வைத்தால் பிழை. முதல் துளையிலும் பிழை. அதன் பொன்முலாம் பூசிய முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பார்த்தோம். அழுக்கால் வரும் பிழை இதில் தீர்ந்துவிடும். தீரவில்லை. துண்டேதான் பழுது.

அதை எடுத்துவிட்டோம். 2 ஜிகாபைட்டோடு பொறி கொஞ்சம் மந்தமாகவே ஓடியது. பையனுக்கு அதில் வருத்தம், அக்காளுக்கு இல்லை. நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லியிருந்தேன். அடுத்த இருபது நாளில் ஒரே ஒரு பதிவு: ஒரு மாலை மின்வெட்டு, பொறியும் நின்றது. மின்கலம் செத்த பொறிக்கு அது இயல்பே. புது மின்கலம் ஆய்வேடு முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தந்தையார் சொல்லிவிட்டார். அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கும்படி அக்காளிடம் சொன்னோம்.

தறி வீடுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அடிமூடியைத் திறந்து பஞ்சை எடுப்பது நல்லது. கோழிப்பண்ணைத் தீவனத் தூசு, கிழங்கு மாவுத் தூசு பறக்கும் ஊர்களிலும் இதே கணக்குத்தான். அந்த வீட்டில் ஆடியில் மறுபடி திறந்தபோது, தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு படியத் தொடங்கியிருந்தது. பையன் தேதியை நோட்டில் எழுதிவிட்டுப் பல்துலக்கியை எடுத்தான்.